மொரிஸ் மைனர் டாஷ்போட்டின் முதல் பச்சையைப் பிடிப்பது எப்படி? (1957, உட்புறப் பெயின்ட்)

கல்லடி மைனர்

எல்லாருக்கும் வணக்கம். அப்பப்பா வாங்கின மொரிஸ் மைனர் 1000ஐத் திரும்ப ரோட்டில விடுற வேலை நடக்குது. 1957ஆம் ஆண்டு வண்டி, நாலு கதவு.  எஞ்சின் முடிஞ்சுது, அடித்தகடும் முடிஞ்சுது. வெளிப் பெயின்டுக்கு முன்னால உள்ளுக்க இருக்கிற நிறத்தைத் தீர்மானிக்க வேணும்.

மைனரில டாஷ்போட்டும், கதவின்ட மேல்பாகத்தில கண்ணாடியைச் சுத்தி வாற சட்டமும் வெறும் தகடு. கொம்பனி அதுகளை வண்டியின்ட வெளி நிறத்திலயே அடிச்சு விட்டது. அதனால உள்நிறம் பிழைச்சா வெளியில போறவன் காணமாட்டான், ஸ்டியரிங் பிடிக்கிறவன் ஒவ்வொரு நாளும் காண்பான்.

இப்ப டாஷ்போட் வெள்ளை. சுரண்டிப் பார்த்தா கீழ நீலம். 1978 சூறாவளியில மாமரம் விழுந்து கூரை நசுங்கி, மறுகாத்தான் நீலம் அடிச்சதாம். அதுக்கு முந்தி பச்சை என்கிறார் அப்பா. என்ன பச்சை என்று கேட்டா, "வாழையிலையின்ட அடிப்பக்கம் இருக்கெல்லா, அது" என்கிறார். சுனாமித் தண்ணியும் கண்ட வண்டி. போன மாசம் முன் இடது கதவின்ட உள்மட்டையைக் கழட்டினன், அடியில இருந்து ஒரு சிரட்டை கடல் மண் கொட்டிச்சு.

கடைக்காரர் கலர் அட்டையில பச்சை மட்டும் முப்பதுக்கு மேல காட்டுறார். இதில எதைத் தொட?

காரைதீவு பெயின்ட்

தம்பி, அட்டையை மூடி வையுங்க. நிறம் உங்கட காரிலயேதான் கிடக்கு. வெயிலும் கையும் சாண்ட் பேப்பரும் படாத இடங்களைப் பாருங்க: ஸ்பீடோமீற்றரைக் கழட்டினா அதின்ட வளையத்துக்குக் கீழ, கதவு மட்டைக்குப் பின்னால, கண்ணாடி ரப்பருக்குள்ள, கதவு ஓரத்து ரப்பர் இருக்கிற பள்ளத்தில. திரும்ப அடிக்கிற ஆள் இதையெல்லாம் கழட்டி அடிக்கிறது அரிது. மறைச்சு ஓரத்தால ஊதிப்போட்டுப் போயிருப்பான்.

மற்றது, டாஷ்போட்டில ஒரு மூலையில வட்டம் ஒண்டு போட்டுப் பாருங்க. 800 நம்பர் தாளைத் தண்ணியில நனைச்சு, ஒரு விரலால மட்டும், ஒரே இடத்தில மெதுவா வட்டமாத் தேயுங்க. நடுவில ஆழமாயும் ஓரத்தில மேலோட்டமாயும் தேயும். மரம் வெட்டின அடியில வளையம் தெரியிற மாதிரி ஒவ்வொரு அடுக்கும் வளையமாத் தெரியும். 1200 தாளால முடிச்சு ஈரத்துணியால துடைச்சிட்டுப் படம் போடுங்க.

கவனம்: அந்தக் காலத்துப் பெயின்டில ஈயம் இருக்கும் என்று வைச்சே வேலை செய்யுங்க. உலரத் தேய்க்க வேணாம். முகமூடி போடுங்க, கழிவுத் தண்ணியை முற்றத்தில ஊத்த வேணாம், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

ஏறாவூர் எஞ்சின்

சேசி நம்பர் தகட்டைப் பாருங்க. அம்பதுகளின்ட நடுவில வந்த பி.எம்.சி. (மொரிஸ், ஒஸ்டின் செஞ்ச பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) வண்டிகளில நம்பருக்கு முன்னால மூண்டு எழுத்தும் ரெண்டு இலக்கமும் இருக்கும். முதல் எழுத்து மொடல், ரெண்டாவது உடம்பு, மூண்டாவது நிறம். அடுத்து வாற இலக்கம் எந்தச் சந்தைக்குச் செஞ்சது என்றதையும், கடைசி இலக்கம் பெயின்ட் வகையையும் சொல்லும். 1, 2 என்றா சிந்தடிக், 3 என்றா செலுலோஸ். பிந்தி வந்த மைனர்களில இந்த முறை போயிற்று, உங்கட வண்டிக்கு இருக்க வேணும்.

கல்லடி மைனர்

தகட்டைத் துடைச்சுப் பார்த்தன். எஃப்.ஏ.ஈ. 22.

ஏறாவூர் எஞ்சின்

நல்லது. எஃப் மைனர், ஏ நாலு கதவு, ஈ பச்சை. 2 வலப்பக்க ஸ்டியரிங், ஏற்றுமதிக்கு. கடைசி 2 சிந்தடிக். அப்பா சொன்னது சரி. ஆனா எழுத்து ஏதோ ஒரு பச்சை என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பச்சை என்று சொல்லாது. அந்தக் காலத்து மைனர் பச்சைகளில செய்ஜ் கிரீன் என்ற சாம்பல் பூத்த பச்சை ஒண்டு. வாழையிலை அடிப்பக்கம் என்றா எனக்கு அதுதான் நினைவுக்கு வருது.

இங்கிலாந்தில கேய்டன் என்ற இடத்தில பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கு. பழைய உற்பத்திப் பதிவேடுகள் அவங்களிட்டத்தான். சேசி நம்பரைக் குடுத்துக் காசு கட்டினா, பதிவில உள்ள நிறப் பெயரை எழுதிச் சான்றிதழ் அனுப்புவாங்க.

கல்முனை பீட்டில்

அஸ்ஸலாமு அலைக்கும். நிறப் பெயரை மட்டும் நம்பிக் கடைக்குப் போற ஆக்களுக்காக இதை எழுதுறன். நம்மட ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1963. நிறம் எல் 87, பேர்ல் வைட். கொஞ்சம் பால் கலந்த, அமைதியான வெள்ளை. அதிலயும் டாஷ்போட் தகடு வெளி நிறம்தான். ஒரு கடையில பேரைச் சொல்லிக் குடுத்திட்டு நான் தொழுகைக்குப் போயிட்டன். திரும்பி வந்தா டப்பாவுக்குள்ள மினுமினுப்பு. பேர்ல் என்ற சொல்லைப் பார்த்து மைக்காத் தூள் போட்டுக் கலந்து வைச்சிருக்காங்க. 1963இல அந்த வண்டிக்கு அப்படி மினுக்கமே இல்ல, பேரில மட்டும்தான் முத்து. ஒரு லீற்றர் அப்படியே போச்சு.

பி.எம்.சி. ஆக்களுக்கும் இதே ஆபத்து இருக்கு. ஓல்ட் இங்கிலிஷ் வைட் என்பாங்க, டபிள்யூ.டி. 3. பேரில வெள்ளை, கண்ணுக்குக் கிறீம். ஸ்மோக் கிரே என்பாங்க, அதின்ட கோட் பி.யூ. 15, அதாவது நீல வரிசையில வருது. பேரைக் கேட்டு மனசில ஒரு நிறம் எழும்பும். அதை விட்டுப்போட்டுத் தகட்டைப் பாருங்க.

கல்லடி மைனர்

வட்டம் போட்டாச்சு. டாஷ்போட்டின்ட இடது மூலை. வெளியில இருந்து உள்ளுக்கு: வெள்ளை, மெல்லிய சாம்பல், நீலம், செங்காவி பிறைமர் (அடிப்பூச்சு), பச்சை, சாம்பல் பிறைமர், தகடு. பச்சை ஒரு நகத்தின்ட அகலம்தான், ஆனா தெளிவா நிக்குது. பார்த்துக்கொண்டு நிண்ட நேரத்தில அப்பா பின்னால வந்து ஒண்டும் பேசாம விரலை வைச்சுத் தடவிப் பார்த்தார்.

கதவு மட்டைக்குப் பின்னாலயும் பச்சை இருக்கு, உள்ளங்கை அளவு நல்ல இடம். சிக்கல் என்னெண்டா ரெண்டும் ஒண்டில்ல. டாஷ்போட் வளையத்தில சாம்பல் பச்சை. கதவுக்குள்ள மஞ்சள் ஏறின, ஒலிவ் மாதிரிப் பச்சை. கலர் ஸ்கானர் உள்ள கடைக்குக் கதவைக் கொண்டுபோய்க் காட்டினன். மெஷின் குடுத்த கலவையும் அந்த ஒலிவ் பச்சைதான். வெயில் படாத இடம்தான் சரியான நிறம் என்று நினைச்சுத்தான் கொண்டு போனன். இப்ப எதை நம்ப?

வாவிக்கரை ரசாயனம்

இது நான் வகுப்பில சொல்லிக் குடுக்கிற விஷயம், அதனால கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தகடு சிந்தடிக் என்று சொல்கிறது. அந்தக் காலத்துச் சிந்தடிக் எனாமலில் பிசின் பெரும்பாலும் அல்கிட். அதில் உலரும் எண்ணெய் சேர்ந்திருக்கும். இந்த வகைப் பூச்சு இருட்டில் கிடந்தால் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சளின் பெரும்பகுதி வெளுத்துவிடும். பழைய எண்ணெய் ஓவியங்களைப் பராமரிப்பவர்களும் அனுபவத்தில் அறிந்தது இது. ஆகவே வெயிலே படாத இடம்தான் உண்மை நிறம் என்பது பாதிதான் சரி. சாயப்பொடி அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் மஞ்சளாகியிருக்கும். உங்கள் கதவு 1957இலிருந்து மட்டைக்குப் பின்னால் இருட்டில் இருந்திருக்கிறது. மெஷின் பிழை விடவில்லை, மஞ்சளையும் சேர்த்து அளந்து தந்திருக்கிறது.

மாறாக டாஷ்போட்டின் மேல்விளிம்பு, கண்ணாடிக்குக் கீழ் நேர் வெயிலில் இருபது வருடம் கிடந்த இடம், சாயம் மங்கிய இடம். அதையும் நம்ப வேண்டாம். டாஷ்போட்டின் முகத்தில் வளையத்தில் தெரிகிற பச்சை இரண்டுக்கும் இடைப்பட்டது.

செய்ய வேண்டியது சுலபம். கதவு கழன்றுதானே இருக்கிறது? வெளிச்சம் நன்றாக வரும் விறாந்தையில், நேர் வெயில் படாமல், உட்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். பச்சையின் குறுக்கே அலுமினியத் தாளில் ஒரு விரல் அகலத் துண்டை ஒட்டுங்கள். இரண்டு கிழமை பொறுங்கள். பிறகு தாளை உரித்துப் பாருங்கள்.

பழையது பழையதாக

நான் வேற ஒரு கோணத்தில சொல்றன், கோவிக்க வேணாம். ஏன் திரும்ப அடிக்க வேணும்? நீலமும் வெள்ளையும் அந்த வண்டியின்ட கதைதானே. சூறாவளி நீலம் என்று ஒரு நிறம் உங்கட வீட்டில இருக்கு, அதை உரிச்சு எறிஞ்சா திரும்ப வராது. வெள்ளையை மட்டும் மெதுவா எடுத்து, நீலத்தை மெருகு போட்டு வைக்கலாம். புதுப் பெயின்ட் எண்டைக்கும் அடிக்கலாம்.

கல்லடி மைனர்

அண்ணன், நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். கோவம் இல்ல. தகடு நல்லா இருந்திருந்தா நானும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா சுனாமி உப்பு உள்ளுக்க இருந்து வேலை செய்யுது. டாஷ்போட்டின்ட கீழ்மடிப்பில பெயின்டுக்கு அடியால துரு கொப்புளமா எழும்புது, விரலால அமத்தினா நொறுங்குது. தகடு வரைக்கும் உரிக்காம அதை நிப்பாட்ட ஏலாது.

ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால, கழட்டினா மட்டும் தெரியிற இடத்தில, மூண்டு நிறமும் உள்ள ஒரு துண்டைத் தொடாம விடுறன். அது சத்தியம்.

ஏறாவூர் எஞ்சின்

உரிக்கிறதெண்டா முழுசா உரியுங்க. அரைகுறை வேணாம். நமக்கு நடந்ததைச் சொல்றன். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஒண்டின்ட டாஷ்போட். ஒரு கராஜில பழைய சிந்தடிக்குக்கு மேல நேர என்.சி. (நைட்ரோ செலுலோஸ்) பெயின்ட் அடிச்சாங்க. தின்னர் கீழ் அடுக்குக்குள்ள இறங்கி, நாங்க பார்த்துக்கொண்டு நிக்கவே அப்பளம் பொரியிற மாதிரி முழு டாஷ்போட்டும் சுருண்டு எழும்பிச்சு. ரெண்டு நாள் சுரண்டினம்.

அடிக்க முதல் வெள்ளைத் துணியில தின்னரைத் தொட்டு ஒரு மூலையில வைச்சுப் பாருங்க. நிறம் துணியில கரைஞ்சு வந்தா என்.சி. சுருங்கினா சிந்தடிக். ஒண்டும் நடக்காட்டி டூ கே, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பெயின்ட். சுருங்கிற எதுக்கும் மேல என்.சி. போகக்கூடாது. ஒண்டில் தகடு வரைக்கும் எடுங்க, இல்லாட்டி இடையில இப்பொக்சி பிறைமர் ஒண்டு போடுங்க.

கல்லடி மைனர்

பதினாறு நாள் கழிச்சு வாறன். இண்டைக்குக் காலையில அலுமினியத் தாளை உரிச்சம்.

தாள் இருந்த இடத்தில ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் ஒலிவ் கோடு. ரெண்டு பக்கமும் சாம்பல் பூத்த பச்சை. கோடு ரூலர் வைச்சு இழுத்த மாதிரி நிக்குது. டாஷ்போட் வளையத்தைப் படம் எடுத்துப் பக்கத்தில வைக்காம, டாஷ்போட்டையே தூக்கிக் கொண்டுவந்து பக்கத்தில வைச்சுப் பார்த்தன். ரெண்டு பச்சையும் கிட்டத்தட்ட ஒண்டாயிட்டு. சேர், உங்களுக்குப் பெரிய நன்றி. ஒலிவ் பச்சையை அடிச்சிருந்தா வாழ்நாள் முழுக்க அதுதான் சரி என்று நானும் சண்டை பிடிச்சிருப்பன்.

காரைதீவு பெயின்ட்

இப்ப கடைக்குப் போங்க. ஆனா மெஷினுக்குக் குடுக்க முதல் அந்த இடத்தை நைஸ் கொம்பவுண்டால மெருகு போட்டுத் துடைக்க வேணும். மங்கின மேற்பரப்பு வெளிறித்தான் தெரியும், மெஷினுக்கும் அப்படித்தான். தட்டையான இடத்தில நாலு தரம் வைச்சு எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்க.

மெஷின் தாறது தொடக்கம்தான், முடிவு கண்ணாலதான். இப்பத்தைப் பச்சைச் சாயம் சரியான வீரியம், துப்புரவா மினுங்கும். பழைய பச்சை அழுக்குப் பச்சை. கலவை துள்ளிக்கொண்டு நிண்டா எல்லாரும் செய்யிறது கறுப்பு விடுறது. கறுப்பு விட்டா நிறம் செத்துப் போகும். ஒரு சொட்டுச் செங்காவி விடுங்க. பச்சைக்கு எதிர் சிவப்பு, அது பச்சையை அடக்கும், ஆனா உயிரை எடுக்காது. மஞ்சள் காணாட்டிக் காவி மஞ்சள், பளிச்சென்ற மஞ்சள் வேணாம்.

குச்சியில தொட்டுப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. ஈரத்தில ஒரு நிறம், காஞ்சா இன்னொரு நிறம். தகரத் துண்டுகளில நீங்க போடப்போற அதே பிறைமரைப் போட்டு, அதுக்கு மேல அதே ஸ்பிறே கன்னால அடியுங்க. ஒரு நாள் காயட்டும். மூண்டு துண்டு செய்யுங்க: மெஷின் தந்தது, செங்காவி கூடினது, மஞ்சள் கூடினது. பின்னால பென்சிலால எழுதி வைங்க.

டாஷ்போட்டுக்கும் நாலு கதவுச் சட்டத்துக்கும் அரை லீற்றர் காணும். ஆனா ஒரு லீற்றரை ஒரே தடவையில கலந்து எடுங்க. ரெண்டாந்தரம் கலந்தா அது வேற நிறம்தான்.

கல்முனை பீட்டில்

தம்பி, டியூப் லைட்டுக்குக் கீழ சரி என்று சொல்லி வாங்கிட்டு வந்திராதீங்க. கடைக்குள்ள ஒண்டாத் தெரிஞ்சது வெளியில ரெண்டாப் பிரியும். எனக்கு நடந்தது.

வாவிக்கரை ரசாயனம்

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொல்வது மிகச் சரி. பழைய சாயப்பொடியும் புதிய சாயப்பொடியும் வேறு வேறு. ஒரு வெளிச்சத்தில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி விழலாம், இன்னொரு வெளிச்சத்தில் பிரியலாம். எல்லா வெளிச்சத்திலும் நூற்றுக்கு நூறு பொருந்தாது என்றால் காலை பத்து மணி நிழல் வெளிச்சத்துக்கு முதலிடம் கொடுங்கள். காருக்குள் விழுவது பெரும்பாலும் அந்த வெளிச்சம்தான். துண்டைப் பக்கத்தில் வைக்காமல் பழைய பச்சையின் மேலேயே, விளிம்பு தொட வையுங்கள். இடையில் நூல் அகல இடைவெளி இருந்தாலும் கண் ஏமாறும்.

கல்லடி மைனர்

மூண்டு துண்டும் அடிச்சுக் காய வைச்சு, நேற்றுக் காலை விறாந்தையில வைச்சன். எனக்கு ரெண்டாவது, செங்காவி கூடினதுதான் சரியாப் பட்டுது. அப்பாவைக் கூப்பிட்டன், என்ர முடிவைச் சொல்லல்ல.

அவர் முதலில மூண்டாவதைத் தொட்டார். மறுகா யோசிச்சு, இடது கண்ணைக் கையால மூடிப் பார்த்தார். ரெண்டாவதைத் தொட்டார். வலதை மூடினார், திரும்ப மூண்டாவது. "ஒவ்வொரு கண்ணுக்கு ஒவ்வொண்டா இருக்கடா மனே" என்றார். போன வருசம் வலது கண்ணில மட்டும் கற்றரக்ட் ஒப்பரேசன் செய்தவர்.

வாவிக்கரை ரசாயனம்

வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகும், நீலத்தை வடிகட்டும். சத்திர சிகிச்சை செய்த கண்ணில் தெளிவான வில்லை இருக்கிறது. உங்கள் அப்பாவின் வலது கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே துண்டைத் தொட்டிருக்கின்றன. அவர் அந்தக் காரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய வில்லையும் தெளிவாகத்தான் இருந்திருக்கும். ரெண்டாவது துண்டை எடுங்கள்.

காரைதீவு பெயின்ட்

ரெண்டாவது. அடிக்கிற நேரத்தையும் சொல்லிடுறன். நம்மட பக்கம் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் ஈரக்காற்று, என்.சி. அடிச்சா பால் படர்ந்த மாதிரி வெளுக்கும். தின்னர் ஆவியாகிப் போறப்ப தகடு குளிர்ந்து, காற்றில இருக்கிற ஈரம் பெயின்டில படியுது, அதுதான் காரணம். இப்ப கச்சான் காற்று வீசுது, ஈரப் பயம் இல்ல, ஆனா மத்தியானத்தில அடிச்சா பெயின்ட் தகட்டில விழ முதலே காஞ்சு மணல் மாதிரிச் சொரசொரக்கும். கச்சான் எழும்ப முதல், காலை ஏழரைக்கும் ஒம்பதுக்கும் இடையில அடியுங்க. நிலத்துக்குத் தண்ணி தெளிச்சிட்டு.

வீட்டில அடிக்கிறதெண்டா டூ கே வேணாம். அதின்ட ஹார்ட்னரில இருக்கிற ஐசோசயனேட் சுவாசத்தைப் பிடிக்கும், சாதாரண முகமூடி தாங்காது. வெளியில இருந்து காற்று வாற முகமூடி உள்ள கராஜில குடுங்க. தகடு வரைக்கும் உரிச்சிட்டீங்க என்றா வீட்டில என்.சி. போதும், முகமூடியை மட்டும் விடாதீங்க.

கல்லடி மைனர்

இண்டைக்கு முடிஞ்சுது. என்.சி.தான். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மூண்டு கை அடிச்சம். கன்னைப் பிடிச்சது நான், அப்பா கதிரை போட்டு வாசலில இருந்தார். பின்னேரம் டாஷ்போட்டைப் பிடிச்சுப் பூட்டி, ஸ்பீடோமீற்றரை வைக்க முதல் அதுக்குப் பின்னால இருக்கிற பழைய மூண்டு நிறத் துண்டைப் படம் எடுத்தன். பச்சைக்குப் பக்கத்தில பச்சை, விளிம்பு எங்க என்று தேட வேண்டிக் கிடக்கு.

மிச்சம் கால் லீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கு. கண்ணாடிப் போத்தலில வாய் வரைக்கும் நிரப்பி மூடி, கலவை எழுதின துண்டை ஒட்டி வைச்சிருக்கன். கேய்டனுக்கும் எழுதிப்போட்டன், பதில் வந்தா இங்க போடுறன். அடுத்தது சீற்று ரெக்சின். பழைய துண்டு ஒண்டு பின்சீற்றுக்கு அடியில கிடைச்சிருக்கு, அதுவும் பச்சைதான், ஆனா வேற பச்சை.

ஏறாவூர் எஞ்சின்

அந்தத் துண்டைக் கழுவ வேணாம். ரெக்சினுக்குப் பின்பக்கத் துணியைப் படம் எடுத்துப் போடுங்க, மறுகா பார்ப்பம்.